ஞானப்பல் பிடுங்கிய கிழமை

இரண்டு வருடமாக முகம் பார்க்காமல் இருந்த தங்கையின் வீட்டுப் படியில் என்னை ஏற வைத்தது ஒரு பல். வலது பக்கம், கீழ் வரிசையில் கடைசி. நாற்பத்தொரு வயதில் அதற்கு என்ன அவசரமோ, முன்னாலிருந்த பல்லை முட்டிக்கொண்டு படுத்தபடி முளைக்கப் பார்த்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த புத்தளம் பல் டொக்டர், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்.

நான் இருப்பது நுரைச்சோலையில். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவருக்கு மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. பல்லை எடுத்த பிறகு சில நாள் டொக்டருக்குக் கிட்ட இருப்பது நல்லது என்று அவரே புத்தளத்துத் தில்லையடிக்குப் போன் போட்டுத் தங்கையிடம் பேசிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வீடு உம்மாவின் வீடு. எங்கள் வழக்கப்படி இளைய மகளுக்கு எழுதியது. உம்மா ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்து மௌத்தானதும் அங்கேதான். தங்கை பார்த்துக்கொண்டாள். நான் சனிக்கிழமைகளில் போய் வந்தேன். ஏழாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்திருந்த ஒரு மாமி, "மூத்தவளும் கிழமை தவறாம வந்தாளே, பாவம்" என்று சொன்னார். தங்கை சட்டி கழுவிக்கொண்டே, "ராத்தா பாக்க வந்தாங்க மாமி. பாத்துக்கொள்ள வரல்ல" என்றாள்.

நான் விடவில்லை. "நீ வீட்டுக்காகப் பாத்தாய்" என்றேன்.

குசினியில் இருந்த எல்லாரும் கை வேலையை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். அன்றைக்கு வெளியேறியவள்தான். இப்போது கன்னத்தில் பஞ்சை வைத்துக் கடித்தபடி, பாதி முகம் மரத்துப்போய், அதே கதவடியில் நின்றேன். தங்கை கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, சலாமும் சொல்லவில்லை. "உம்மாட அறையில படுக்கை போட்டிரிக்கி" என்றாள்.

அவளுடைய கணவர் கட்டாரில். அவள் பன்னிரண்டு வருடமாக டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். மருந்து விசயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் அவளுக்கு. உண்மையிலேயே அவளுக்கு நிறையத் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்காதது.

முதல் நாள் பின்னேரம் வாயெல்லாம் இரத்தச் சுவையாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய் உப்புத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினேன். சத்தம் கேட்டு அவள் வந்துவிட்டாள்.

"இண்டைக்குக் கொப்பளிக்கக் கூடாது ராத்தா. துப்பவும் கூடாது. இரத்தம் கட்டியாகிக் குழியை மூட வேணும். அதக் கழுவி எடுத்தா எலும்பு வெளியில தெரியும். டொக்டர் சொல்லல்லியா?"

டொக்டர் சொல்லியிருந்தார். கடதாசியிலும் எழுதித் தந்திருந்தார். அவள் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் நானே நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவளைப் பார்த்தபடியே இன்னும் இரண்டு வாய் கொப்பளித்துத் துப்பினேன். அவள் திரும்பிப் போனாள்.

இரண்டு வித மருந்துக் குளிசை தந்திருந்தார்கள், ஐந்து நாளைக்கு. அதில் ஒன்று வாயில் பழைய இரும்பை வைத்தது போல் ஒரு கசப்பைத் தந்தது. இரண்டாம் நாள் காலையில் குடித்த கஞ்சியோடு அதையும் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டேன். வாந்தி வருகிறது என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது வழி சொல்லியிருப்பாள். அவளிடம் வழி கேட்பதா? குளிசைகளை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்தேன்.

காலையிலும் மாலையிலும் அவள் அறை வாசலில் நின்று, "குளிசை போட்டீங்களா?" என்று கேட்பாள். பாமசிக்கு வரும் யாரோ ஒருத்தியிடம் கேட்பது போல.

"ஓம்" என்பேன்.

மூன்றாம் நாள் வலி வந்தது. அதுவரை இருந்தது வெட்டின புண்ணின் நோவு. இது வேறு. தாடைக்குள் இருந்து கிளம்பிக் காதுக்குள் போய், நெற்றிப் பொட்டில் ஏறி, அங்கேயே நின்று குடைந்தது. பனடோல் போட்டும் அசையவில்லை. வாயில் ஒரு நாற்றம். என் மூச்சு எனக்கே அருவருப்பாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். குழி வெறுமையாக, அடியில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

தனியாக ஆட்டோ பிடித்து டொக்டரிடம் போனேன். அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கொப்பளிச்சீங்களா?"

"இல்ல."

"துப்பினீங்களா?"

"இல்ல."

"குளிசை ஒழுங்காப் போடுறீங்கதானே?"

"போடுறேன்."

ஒரு நிமிடத்துக்குள் மூன்று பொய். பிள்ளைகள் வீட்டு வேலை செய்யாமல் வந்து பொய் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவள் நான்.

"அப்ப ஏன் இப்பிடி ஆகிச்சு?" என்றார் அவர்.

"அத நீங்கதான் சொல்ல வேணும். வெட்டினது நீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குழியைக் கழுவி, கராம்பு மணக்கும் மருந்து நாடாவை உள்ளே வைத்தார். சில நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்தது. "நாளண்டைக்கு வாங்க. காய்ச்சல் வந்தா, வாய் திறக்க ஏலாமப் போனா, விழுங்கக் கஷ்டமா இருந்தா, எனக்காகக் காத்துக்கொண்டு இருக்க வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். கதவைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் எழும்பியபோது தாடைக்குக் கீழே ஒரு மாங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் கல் மாதிரி. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தங்கை வேலைக்குப் போக உடுத்திருந்தாள். வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வந்தாள்.

"வாயைத் திறங்க."

திறந்தேன். அவளுடைய ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"எச்சில விழுங்குங்க."

விழுங்க முடியவில்லை. கடைவாயால் வழிந்தது. துவாயை எடுத்து மூடிக்கொண்டேன். அவள் முன்னால் எச்சில் வடித்துக்கொண்டு இருப்பதைவிட அந்த வீக்கத்தோடு செத்துப்போகலாம் போலிருந்தது.

அவள் என் கணவருக்கு அழைத்துப் பார்த்தாள். வேலை நேரத்தில் அவரிடம் போன் இருக்காது. நான் என் போனில் எழுதிக் காட்டினேன்: "அவர் வரட்டும். உன்னோட வர மாட்டேன்."

"வராட்டிப் போங்க" என்றாள். "இந்த வீட்டில இன்னொரு மையித்து எடுக்க எனக்கு ஏலாது. எழும்புங்க."

எழும்பினேன். பயத்தில்தான். அவள் என் உடுப்புகளை அள்ளிக் கைப்பையில் திணித்தாள். அப்போது அவள் கை ஒரு கணம் பைக்குள்ளேயே நின்றது. நான் அதைக் கவனித்தேன். அவளும் நான் கவனித்ததைக் கவனித்தாள். பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே சிலாபத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அம்புலன்ஸில் என்னைக் கிடத்தாமல் சாய்த்து உட்கார வைத்தார்கள். கிடந்தால் மூச்சு இழுத்தது. பின் கண்ணாடியில் தென்னந்தோட்டங்கள் எங்களை விட்டு ஓடின. ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக அவள் எனக்கு எதிரே பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை என் முகத்தைத் துடைக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

சிலாபத்தில் எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். எனக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும், பேச வராது. அன்றைக்குத் தமிழும் வராது. தங்கைதான் எனக்காகப் பேசினாள். பல் எடுத்த நாள், வலி தொடங்கிய நாள், காய்ச்சல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். என் உடம்பைப் பற்றி அவள் பேசப் பேச, நான் ஒரு மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தேன்.

டொக்டர் என்னைப் பார்த்து, தந்த குளிசைகளை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஓம்.

தங்கை பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். முதல் நாள் போட்டவை தவிர, குளிசைகள் அட்டையோடு அப்படியே கிடந்தன. பொய் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னாள். இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார், முதல் நாளே கொப்பளித்தார், தான் சொல்லியும் கேட்கவில்லை என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி எட்டிப் பார்த்தாள். தாதி ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவளைக் கொன்றுபோட வேண்டும் போலிருந்தது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. அட்டையைத் திருப்பிப் பெயரை வாசித்துவிட்டு மருந்துத் துண்டில் எதையோ வெட்டி, வேறொன்றை எழுதினார். பிறகு மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். குளிசைகள் போட்டும் இப்படி வீங்கியதென்றால் அவர் வேறு வழியில் யோசித்திருப்பார். போடாமல் விட்டது என்று தெரிவது நல்லது. கிருமி கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கும்.

அன்றைக்கே சீழை வெட்டி எடுத்தார்கள். விறைப்பு ஊசி போட்டும், அவ்வளவு பழுத்த இடத்தில் அது முழுதாகப் பிடிக்கவில்லை. தலையை அசையாமல் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. தங்கை வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுடைய மற்றக் கையைப் பற்றினேன். கத்தி பட்டபோது என் நகங்கள் அவள் மணிக்கட்டில் இறங்கின. இரத்தம் வந்தது. வலியில் செய்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். முழுக்க வலியில் செய்ததில்லை. அவள் கையை இழுக்கவும் இல்லை.

ஆறு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். நரம்பில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. என் கணவர் வேலை முடிந்து இரண்டு நாளுக்கு ஒருக்கால் வந்தார். தங்கை ஒவ்வொரு நாளும் புத்தளத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். வடித்த கஞ்சியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வருவாள். மணிக்கட்டில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. போத்தலை மேசையில் வைப்பாள், நான் குடித்து முடிக்கும் வரை சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், போத்தலை எடுத்துக்கொண்டு போவாள்.

நாலாம் நாள் வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. முதலில் பேசியது அவளோடுதான்.

"சபையில என்ன அவமானப்படுத்த ஒனக்கு நல்ல சந்தர்ப்பம் கெடச்சிச்சு, என்ன?"

அவள் திரும்பினாள்.

"ஓம். கெடச்சிச்சு. சந்தோசமாத்தான் இருந்திச்சு. பொய் சொல்லல்ல."

"பைய ஏன் கிண்டினாய்?"

"நான் கிண்டல்ல. கை பட்டிச்சு. பட்ட ஒடனே என்னெண்டு தெரிஞ்சிட்டு." குரலை உயர்த்தவே இல்லை. "உம்மாவும் இப்பிடித்தான் ஒளிச்சாங்க. கைக்குட்டையில சுத்தி, மெத்தைக்குக் கீழ, தலையணை உறைக்குள்ள. ஒவ்வொரு நாளும் தேடி எடுத்து, வாயத் திறக்கச் சொல்லி, கெஞ்சி, ஏச்சு வாங்கி, குடுத்தேன். சனிக்கிழமை நீங்க வந்தா மட்டும் சிரிச்சுக்கொண்டு படுத்திருப்பாங்க. நீங்க தோடம்பழம் உரிச்சுக் குடுத்திட்டுப் போவீங்க."

எனக்கு அது தெரியாது. உம்மா மருந்தை ஒளித்தது தெரியாது. உம்மா அவளை ஏசியதும் தெரியாது. ஒன்றரை வருடத்தில் அந்த அறையில் கிட்டத்தட்ட எழுபது சனிக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏன் அப்ப சொல்லல்ல?"

"சொன்னா வந்து நிண்டிருப்பீங்களா?"

போத்தலை அவள் பக்கம் தள்ளினேன். "போ" என்றேன். "நாளைக்கு வராதே."

அடுத்த நாளும் வந்தாள். கஞ்சிப் போத்தலை வைத்தாள். நான் குடித்தேன். ஏழாம் நாள் கணவர் வந்து என்னை நேராக நுரைச்சோலைக்குக் கூட்டிப் போனார். மிச்சக் குளிசைகளை ஒன்று விடாமல் போட்டேன். வாய் முழுதாகத் திறக்க இன்னும் மூன்று கிழமை எடுத்தது. தாடைக்குக் கீழே ஒரு தழும்பு; முக்காடு போட்டால் தெரியாது.

நாலைந்து மாதம் கழித்துக் கற்பிட்டியில் ஒரு கலியாண வீடு. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தக்காரப் பெண்கள் கேட்கக் கேட்க இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குளிசைகள் வரும் இடத்தில், "டொக்டர் கெட்டிக்காரி, பார்த்த ஒடனே கண்டுபிடிச்சிட்டா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கண்டேன், தங்கை பின் வரிசையில் இனிப்பு வட்டிலப்பக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திருத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். திருத்தினால் திருப்பிக் கொடுக்க வார்த்தையும் தயாராக இருந்தது.

அவள் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"எங்க போறாய்? கதை முடியல்லியே" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச கதைதானே ராத்தா. நீங்க சொல்லுங்க."

அவள் வாசலைத் தாண்டிப் போய், செருப்பைத் தேடிப் போட்டு, கேற்றடிக்குப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்களிடம், டொக்டர் அல்ல, குளிசைகளை எடுத்து மேசையில் வைத்தது என் தங்கை என்று சொன்னேன். அவள் கையைப் பிறாண்டியதையும் சொன்னேன். அவர்களில் யாராவது அதை அவளிடம் கொண்டுபோய்ச் சொன்னார்களா என்று தெரியாது. நான் சொல்லவில்லை.