விழுந்தவன் எழுந்தானா

பர்மாவில் இன்சீன் போகும் வட்ட ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர், தான் பழைய லெத்வே வீரர் என்றார். கையுறை இல்லாத பர்மியக் குத்துச்சண்டை அது, தலையாலும் முட்டலாம். காய்த்துப்போன நெற்றியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

என் போனில் அமெரிக்கக் கால்பந்து ஓடியது. ஒருவன் ஹெல்மெட்டால் இன்னொருவன் தலையில் மோதினான். மோதப்பட்டவன் சரிந்தான். வீடியோ அதோடு முடிந்தது; கீழே அதைப் பற்றிய செய்தி இருந்தது.

"மோதினவனுக்கு அபராதம் போட்டுட்டாங்கண்ணே," என்றேன்.

"முட்டினதுக்கா?" என்று நம்பாமல் பார்த்தார். "எங்க ஆட்டத்துல அதுக்குக் கை தட்டுவாங்க. ஆனா விழுந்தவன் எழுந்திரிக்க ரெண்டு நிமிஷம் குடுப்போம், தம்பி. இவன் எழுந்தானா?"

செய்தியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அபராதம் எவ்வளவு என்று இருந்தது. விழுந்தவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்சீனில் அவர் இறங்கிப் போன பிறகும் தேடிக்கொண்டிருந்தேன்.