நேரில் போய்ப் பார்த்து எழுதிய மதிப்புரை

போன வெள்ளிக்கிழமை மகள் வாடகைக்குப் பிடித்த வீட்டில் பால் காய்ச்சினோம். எல்லாரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்க, எனக்கு மட்டும் வேறொரு வாசனை வந்தது. வண்டலும் பாசியும் வாடிய தாமரை இலையும் கலந்த வாசனை. கோடையில் கண்மாய் வற்றும்போது அடிக்குமே, அதுதான்.

"சாக்கடை அடைச்சிருக்கும்ப்பா. பிளம்பர வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மகள்.

தெருவுக்கு இப்போது புதுப் பேர். ஆட்டோவில் வந்து இறங்கியும் எனக்கே இடம் பிடிபடவில்லை. மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது.

நான் புத்தகம் போட்ட ஆள். சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்போடு நின்று, மரக்கடையில் பலகை அளந்துகொண்டிருந்தவன்தான். ஆனாலும் போட்டேன். காரணம் மடைக்கருப்பு.

விளாங்குடிக்கு மேற்கே அப்போது ஒரு குட்டிக் கண்மாய் இருந்தது. அதன் மடையோரம், கிளை பிரிந்த புளியமரத்துக்கு எதிரே, எங்கள் சாமி. கூரையில்லை, மணியில்லை. எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு கல்லும் ஒரு அரிவாளும். எங்கள் அப்பா விளக்குப் போட்டார், அவருக்குப் பிறகு நான் போட்டேன். மகள் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தபோது அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். பிள்ளை பிழைத்தாள். எனக்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் மற்றவர்களுக்கு வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே பிளாட் போட ஆட்கள் வந்தார்கள். கல் நேற்றைக்கு வைத்தது, இடத்தை வளைக்கத்தான் சாமி கதை என்று மனுக் கொடுத்தார்கள். நான் தல்லாகுளத்துப் பக்கம் ஒரு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல பிள்ளைதான். "எழுத்துல ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்டான்.

இல்லாததால் நானே எழுதினேன். சாமி வந்த கதை, அப்பா சொன்னது, நான் கட்டிய பாட்டு என்று சின்னப் புத்தகம். அட்டையில் அரிவாள். பிரஸ்காரர் அதைக் கொஞ்சம் வளைவாகப் போட்டுவிட்டதால் வாழைப்பழம் மாதிரி இருக்கும். வீடு நிறையக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியதும் என் வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். "இம்புட்டையும் யாரு படிக்கிறது? கருப்புக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமா?"

கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நீங்களே எழுதி நீங்களே அடிச்சா அது நோட்டீசுண்ணே. படிச்சவங்க யாராச்சும் பத்திரிகைல மதிப்புரை எழுதட்டும். அதக் கொண்டாங்க, சாட்சியா வச்சுக்கலாம்."

அன்றிலிருந்து எனக்கு மதிப்புரைப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதிப்புரைக்கு இரண்டு படிகள் அனுப்ப வேண்டும். ஒன்று எழுதுகிறவருக்கு, ஒன்று ஆபீசுக்கு. ஒரே ஒரு படி அனுப்பினால் பிரிக்கவே மாட்டார்கள். நான் இரண்டிரண்டாகக் கட்டி, கருப்பு காலடியில் வைத்து எடுத்து, ஒவ்வொன்றின் நடுப்பக்கத்திலும் ஒரு சிட்டிகை விபூதி வைத்து அனுப்பினேன். சாமி புத்தகம், சும்மா அனுப்பலாமா?

சென்னையிலிருந்து ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்தது. பிரித்தவர் மடியில் சாம்பல் கொட்டியிருக்கிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பயந்துபோய், அட்டையில் மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருந்தார்கள். இன்னொரு பத்திரிகையில் 'வரப்பெற்றோம்' பட்டியலில் தலைப்பு மட்டும் வந்தது. கிளார்க் பூதக்கண்ணாடி கேட்டான்.

கடைசியாகத்தான் பழங்காநத்தம் ஐயாவைக் கண்டுபிடித்தேன். ரிட்டயர்டு தமிழாசிரியர். ஒரு மாசப் பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுகிறவர். கடுமையானவர் என்று பேர். நேரிலேயே கொடுத்தேன். நடுப்பக்கத்தைத் திறந்தவர், விபூதியைத் தட்டிவிடவில்லை. நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இடத்தப் போய்ப் பார்த்துட்டு எழுதுறேன் தம்பி. கேட்டு எழுதுற பழக்கம் நமக்குக் கிடையாது."

பத்திரிகை வந்தது. அரைப் பக்கம்! நடை எளிமை, பக்தி மெய்யானது என்றெல்லாம் எழுதியிருந்தார். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். 'நூலாசிரியர் குறிப்பிடும் இடத்துக்கு நேரில் சென்றோம். அங்கே கோயிலும் இல்லை, கண்மாயும் இல்லை. கற்பனை என்றே கொள்ள வேண்டும்.'

"காலையிலதான விளக்குப் போட்டுட்டு வந்தீங்க?" என்றாள் அவள்.

பழங்காநத்தத்துக்கு ஓடினேன். ஐயா என்மேல்தான் கோபமாக இருந்தார். "பொய் சொல்ல எனக்கு என்ன தம்பி? நீ சொன்ன புளியமரம் இருந்துச்சு. அதுக்கு எதிர்த்தாப்ல பச்சை கேட்டு போட்ட மாடி வீடு. மொட்டைமாடியில ஒரு பொண்ணு மஞ்ச உடுப்புல துணி காயப்போட்டுச்சு. பக்கத்துல ஒரு வயசாளி, வெள்ளைத் தாடி. என்னப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எங்கயோ பார்த்த முகமா இருந்துச்சு. நானும் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

அந்தப் பக்கம் அப்போது மாட்டுக்கொட்டகைகூடக் கிடையாது. ஐயாவை டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். நடுப்பகல் வெயில். கரையில் ஏறியவர் புளியமரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பினார். கண்மாய் நிறையத் தண்ணீர், அதில் கொக்கு. மடையோரம் கருப்பு, காலையில் நான் வைத்த அரளிப்பூ தலையில் வாடாமல்.

"அன்னைக்கு இங்க தண்ணியே இல்லையே தம்பி" என்றார் மெதுவாக. குடை கையிலிருந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தாடி இல்லாத முகம் அப்போது எனக்கு. "ஒண்ணுமில்ல" என்றார், நான் கேட்காமலே.

மறுப்பு எழுதி அனுப்பினார். அதைப் போடுவதற்குள் பத்திரிகையே நின்றுபோனது. பிளாட்காரர்கள் அந்த அரைப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு சேர்த்துவிட்டார்கள். கிளார்க்குக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடம். "உங்க சாட்சியே கோயில் இல்லைன்னு எழுதிட்டாரேண்ணே. இனி நான் என்ன பண்ணட்டும்?"

கல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு டிரைவருக்கே தெரியவில்லை. ஐயாவும் அந்த வருஷமே காலமானார்.

பால் குடித்து முடித்ததும் மகள் மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க, நல்லா காத்து வருது." போனேன். மஞ்சள் சுடிதாரில் நின்று ஈரத்துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே புளியமரம், மின்கம்பிக்காகப் பாதி வெட்டப்பட்டு நின்றது. அதை வைத்துக் கணக்குப் பார்த்தேன். மடை இருந்தது இப்போது பச்சை கேட் இருக்கும் இடம். அப்படியென்றால் கருப்பு அதற்குப் பக்கத்தில். நினைக்கும் முன்னாலே கை தானாகக் கூப்பிவிட்டது. கூப்பிய விரலில் என் வெள்ளைத் தாடி உரசிய பிறகுதான் உறைத்தது.

கண்மாய் இல்லை, கல் இல்லை, அந்தப் பத்திரிகை இல்லை, 'வரப்பெற்றோம்' பட்டியல் இல்லை. ஐயா எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கொஞ்சம் சீக்கிரமாக வந்து பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

"யாரப்பா கும்பிடுறீங்க? கீழ யாருமே இல்லையே" என்றாள் மகள்.

யாரும் இல்லைதான். ஆனாலும் கையை இறக்காமல் நின்றேன், ஐயா பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.