கல்லடியில் வைத்த தழை

மலைப்பாதையில் ஒரு கல்லுக்கு அடியில் பச்சை இலை கிடந்தால் போதும், இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆந்திர எல்லையில் எங்கள் நகரிப் பக்கத்து மலைகளில், முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்கு விட்டுப்போகும் அடையாளம் அது. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், தான் போன பக்கம் ஒரு தழையைப் போட்டு மேலே கல் வைப்பார். பின்னால் வருகிறவர் யோசிக்காமல் அந்தப் பக்கம் திரும்புவார். தழையைக்கொண்டு பொய் சொல்லலாம் என்று எனக்கு ஒரு மழைநாள் வரை தோன்றியதே இல்லை.

என் மாமன் மகனும் நானும் ஒரே கொட்டகையில் பவர்லூம் ஓட்டியவர்கள். தொண்ணூறுகளில் பெங்களூரிலும் சென்னையிலும் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேற வந்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் ஓடை இருந்தது, சாமியார்கள் தங்கிய குகை இருந்தது, இன்னொரு பக்கம் ஏறினால் பாளையக்காரர் காலத்து இடிந்த கோட்டை. நாங்கள் வழிகாட்டப் போனோம். ஆட்களைக் கூட்டிவரும் பெங்களூர்க்காரர் ஒருநாள், தன்னோடு ஊர் ஊராக வர மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும், உங்களில் யார் என்பதைக் கோட்டையில் உட்கார்ந்து பேசுவோம் என்றார். அந்தத் தறிச் சத்தத்திலிருந்து தப்பிக்க எனக்கு வேறு கதி இல்லை. அவனுக்கும்தான்.

அன்று வந்தவர்களில் ஒரு அம்மாளுக்குக் கால் பிசகிக்கொண்டது. "நான் மத்தவங்கள இட்டுக்கினு முன்னால போறேன் மச்சான். நீ அந்த அம்மாவையும் வூட்டுக்காரரையும் மெல்ல கூட்டிக்கினு வா. மழை வர மாதிரி இருந்தா குகைய வுட்டுட்டு நேரா கோட்டைக்குப் பூடுவேன். தழை பாத்துத் திரும்பு" என்றான் மாமன் மகன். பிரியும் இடத்தில் குகைப் பக்கம் புரச இலை கிடந்தது. சாப்பாட்டு இலை தைப்பதுபோல் காம்பை இலையிலேயே குத்தி வைப்பது அவன் பழக்கம், அப்படியே குத்தியிருந்தது. போய்ப் பார்த்தால் குகையில் ஈ காக்கை இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் நடுங்கினார், வீட்டுக்காரர் என்னைத் திட்டித் தீர்த்தார். பொழுது சாய இருவரையும் ரோட்டுக்கு இறக்கினேன். வேனின் முன் சீட்டில் மாமன் மகன் உட்கார்ந்திருந்தான். வழி தெரியாதவனை நம்பி ஆட்களை விட்டேனே என்று பெங்களூர்க்காரர் தெலுங்கில் கத்தினார். அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவனோடு வேன் கிளம்பிப் போய்விட்டது, அந்தச் சம்பள வேலையும்தான்.

கழுத்தறுத்துவிட்டான் என்று வீட்டில் அழுதேன். அம்மா தன் அண்ணன் பிள்ளையை விட்டுக்கொடுப்பாளா? "ஆடு மேய்க்கிறவன் எவனாவது மாத்தி வெச்சிருப்பான்டா. நம்ம புள்ள அப்படிச் செய்யாது" என்றாள். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். முகமே தெரியாத அந்த ஆட்டுக்காரனை இத்தனை வருஷமும் தறியடியில் நின்று திட்டினேன். சொந்தக்காரனைத் திட்டுவதைவிட அது சுலபம்.

போன தை மாதம் மாமன் மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு காரில் வந்து இறங்கினான். பெங்களூரில் சொந்தமாகவே டிராவல்ஸ் நடத்துகிறானாம். "பசங்களுக்குக் கோட்டையக் காட்டணும் மச்சான். எனக்கு வழி மறந்தே பூடுச்சி. நீ சோத்த எடுத்துக்கினு முன்னால போ, இதுங்க மெல்லத்தான் நடக்கும்" என்றான். பிரியும் இடத்தில் என் கை ஒரு நிமிஷம் குகைப் பக்கம் போனது, பொய் சொல்வானேன். சீ, பிள்ளைகள் என்ன பாவம் செய்தன என்று கோட்டைப் பக்கமே தழை வைத்தேன். கோட்டை மண்டபத்தில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதுதான் மிச்சம், யாரும் வரவில்லை.

பதறிக்கொண்டு இறங்கித் தேடினேன். குகை வாசலில் பிள்ளைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன.

"தழை பாக்கலியாடா?" என்றேன்.

"பாத்தேன் மச்சான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "கோட்டைப் பக்கம் வெச்சிருந்தே. அதான் இந்தப் பக்கம் வந்தேன்."

பிள்ளைகளுக்குச் சோற்றைப் போட்டேன். திரும்பும்போது பிரியும் இடத்தில் நின்று பார்த்தேன். கல்லுக்கு அடியில் என் தழை வைத்தபடியே கிடந்தது. எந்த ஆட்டுக்காரனும் அதைத் தொட்டிருக்கவில்லை.