வாயில் பறி

இன்று பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஓர் அக்கா. கையில் சின்னங்கள் அச்சிட்ட தாள். தோணிரேவுப் பக்கம் ஊராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நிற்கிறாராம். சின்னம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

"இன்னா சின்னங்க்கா?"

"கூடை."

ஏரிக்கரை ஊரில் படகுச் சின்னத்தை விட்டுவிட்டுக் கூடையா? கார்ட்டூன் போடுகிறவன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எதிர்ல நிக்கிறவரு படகு வச்சிருக்காரு, அவரு படகுச் சின்னம் வாங்கிக்கினாரு. நாங்க கையால எறா தடவிப் புடிக்கிறவங்க. எங்களுக்கு ஏது படகு? பறி ஒண்ணுதான்."

பறி என்பது ஓலைக்கூடை. தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து இரண்டு கையாலும் இறாலைத் தேடும்போது, அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தாளில் இருந்ததோ பழக்கூடை.

எனக்குக் கை சும்மா இருக்குமா? பேருந்து குலுங்கக் குலுங்க என் நோட்டில் வரைந்தேன். ஏரிக்குள் அக்கா, வாயில் பறி, கண்ணில் ஒரு முறைப்பு. பெருமையாக நீட்டினேன்.

அடுத்த நிறுத்தம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் கீது தம்பி. ஆனா பறி வாயில இருந்தா நான் எப்டிப் பேசுறது? பேசத்தானே நிக்கிறேன்!"

வீட்டுக்கு வந்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். பறியை இடுப்பில் கட்டினால் தண்ணீருக்குள் போய்விடும். கையில் கொடுத்தால் இறால் பிடிக்க முடியாது. வேறு எங்கே வைக்கலாம்?

கமெண்டில் சொல்லுங்கள். படகு வைத்திருப்பவர்கள் மட்டும் கடைசியில் பேசினால் போதும்.