கம்பத்து மழையும் கல்யாண ஒயினும்

எங்கள் வீட்டுக் கல்யாணம் எதிலும் கடை ஒயின் ஊற்றியதில்லை. கேக் வெட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் குடிக்கிற முதல் வாய் நான் ஜாடியில் போட்டதாகத்தான் இருக்கும். என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அப்படித்தான். அதனால் பொங்கல் கழித்துக் கல்யாணம் என்று பேத்திக்கு நாள் குறித்ததும், மற்றவர்கள் மண்டபத்தைப் பற்றிப் பேச, நான் திராட்சையைப் பற்றி யோசித்தேன். இதை நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூட வராது.

ஒயின் எல்லா வருஷமும் ஒரே மாதிரி வராது. காய் கொடியில் இருக்கிற மாசங்களில் வானம் என்ன செய்ததோ, அதுதான் ஜாடிக்குள் வரும். வெயில் காய்ந்த வருஷம் பழம் சின்னது, தோல் தடி. ஒயின் கறுப்பாக, நாக்கில் ஒட்டும். ஒரு வருஷம் நல்ல குளிர். மூடியைத் திறந்தால் கூடம் முழுக்கப் பன்னீர் வாசனை. கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டி வருவதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு பாட்டிலை முடித்துவிட்டு, பூனை தட்டிவிட்டது என்றார். நாங்கள் பூனை வளர்த்ததே இல்லை.

அக்டோபரில் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாக எனக்குப் பழம் தருகிறவள் கூடையைத் தொடவே விடவில்லை.

“ஆயா, இந்த லோடு ஒயினுக்கு ஆவாது. கம்பத்துத் தோட்டத்துல பழுக்கச் சொல்லோ உடாம மழ ஊத்திக்கினு இருந்துச்சாம். அல்லாம் தண்ணி.”

“பாக்க குண்டு குண்டா நல்லாத்தான கீது?”

“நானுந்தான் குண்டா கீறேன். சத்து கீதா?”

அடுத்த லோடுக்குக் காத்திருந்தால் கல்யாணத்துக்குள் ஒயின் தெளியாது. பத்துக் கிலோ வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்துதான் தப்புப் பண்ணினேன். ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் ஆறின வெந்நீர் என்பது மாமியார் சொன்ன அளவு. பழத்துக்குள்ளேயே மழை இருக்கிறதே, தண்ணீரைக் குறைப்போம் என்று தோன்றவில்லை. கை பழக்கத்துக்கு ஊற்றிவிட்டது. கிராம்பு, பட்டை, ஒரு பிடி கோதுமை எல்லாம் போட்டுத் துணி கட்டினேன்.

தினம் மரக்கரண்டியால் கிண்டுவேன். நிறம் இறங்கவே இல்லை. இருபத்தொன்றாம் நாள் வடிகட்டினால் ரோஸ்மில்க் மாதிரி வெளுப்பு. வாயில் வைத்தால் புளிப்பு.

பேத்தியும் ஒரு வாய் குடித்தாள்.

“ஆயா, கோச்சுக்காத. ஒரு பாட்டில் கடையில வாங்கி வெச்சுக்கலாம். அவங்க வீட்டு ஆயாவும் ஒயின் போடறவங்க. வாய் சும்மா இருக்காது.”

அடையாறில் இருக்கிற மாப்பிள்ளையின் பாட்டியைத்தான் சொன்னாள். போன வருஷத்துக் கறுப்பு ஒயின் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டம்ளரில் இரண்டையும் கலந்து பார்த்தேன். இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கீழே கொட்டினேன்.

“ஒண்ணும் சேக்கல, கடையிலயும் வாங்கல. வரது வரட்டும்” என்று சொல்லி, பாட்டிலில் ஊற்றி இருட்டில் வைத்துவிட்டேன். தை மாசத்துக்குள் புளிப்பு கொஞ்சம் அடங்கியது. லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

தேனாம்பேட்டை மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் குடித்தார்கள். மாப்பிள்ளையின் பாட்டி கிளாஸைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“சம்பந்தி, இது இந்த வருஷத்துப் பழமா?”

“ஆமா. கம்பத்துல மழ. கலர் எறங்கல.”

“அதான பாத்தேன்! எங்க வூட்லயும் இப்டித்தான் வெளுத்துப் போச்சு. மானம் போவுதேன்னு பீட்ரூட்ட அரச்சு ஊத்திட்டேன். கலரு சும்மா கும்முனு கீது. வாயில வெச்சா பொரியலு!”

நான் சிரித்த சிரிப்பில் பாதிரியார் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி கிளாஸை என் முன்னால் நீட்டினார்.

“இன்னா சிரிப்பு? ஊத்து இன்னொண்ணு. வூட்டுக்குப் போனா எனக்கு அந்தப் பொரியல்தான் கீது.”