இரவல் தாத்தா

என் வீட்டுக்காரர் பேர் மாயாண்டி. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். அவர் செய்த காரியத்துக்கும், அதைவிட நான் சொல்லிக்கொடுத்த காரியத்துக்கும் முன்னால், பேரைச் சொல்வதெல்லாம் ஒரு குற்றமா? இப்போது அவர் மரக்கறிச் சந்தையில் முட்டைக்கோவா மூட்டை தூக்குகிறார். போன வருஷம் வரைக்கும் நுவரெலியாவில் அவர் கைடு.

தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டு வந்த புதிதில், பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்டத்தான் போனார். யுத்தத்தில் செத்த பட்டாளத்துக்காரர்களின் கற்கள் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். வெளிநாட்டுக்காரர் யாராவது வந்தால் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கூடவே நடந்து, இது இன்னார், அது இன்னார் என்று அரைகுறை இங்கிலீஷில் காட்டுவார். ஐந்தாறு வருஷத்தில் அரைகுறை முழுசாகிவிட்டது. தலையில் ஒரு தொப்பி, சட்டைப் பையில் ஒரு பேனா. ஓட்டல்காரர்களே ஆள் அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே சோளம் அவித்து விற்கிற எனக்கும் அதனால் வியாபாரம்.

ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. கல்லில் இருப்பது பேரும் நம்பரும் செத்த தேதியும்தான். மிச்சத்தை இவர் போட்டுக்கொள்வார். ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தன் ஆற்றோடு போனான், ஒருத்தனுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினால் போதும், அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நடையே வேறு.

கடைசிக் கல் மட்டும் அவருக்கு இடைஞ்சல். சிலுவை இல்லாத கல். மூக்கன் என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கும். நம்ம ஆள். நம்ம ஆளிடம் வெள்ளைக்காரனுக்குச் சொல்ல என்ன கதை இருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவார். ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே நான்தான் சொன்னேன்:

“ஒங்க தாத்தான்னு சொல்லுங்களேன். செத்தவரு வந்து இல்லன்னா சொல்லப் போறாரு?”

விளையாட்டாகத்தான் சொன்னேன். மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டார். மறுவாரமே இவர் கதையில் மூக்கன் பர்மாவில் ஒரு துரை மகனைத் தோளில் தூக்கி வந்து, குண்டடிபட்டு, இங்கே ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். பேரன் மாயாண்டி அந்தக் கல்லுக்குக் காவல். கேட்டு அழாத ஆள் இல்லை. அதோடு விட்டோமா? ஏப்ரல் சீசனில்தான் கூட்டம் வரும் என்று, நவம்பரில் செத்தவருக்கு ஏப்ரலில் திவசம் வைத்தோம். வடை, வாழைப்பழம், ஒரு சுருட்டு, கால் போத்தல் சாராயம் எல்லாவற்றையும் இலை போட்டு நான் படைப்பேன். அவர் எள்ளும் தண்ணீரும் விடுவார். சுற்றி நின்று படம் பிடிப்பார்கள். இவருடைய சொந்தத் தாத்தா றொசல்லப் பக்கம் எந்தத் தேயிலைக்கு அடியில் கிடக்கிறாரோ, அவருக்கு ஒரு சூடம் கொளுத்தியது கிடையாது.

போன வருஷம் ஏப்ரலில் திவசம் நடந்துகொண்டிருக்கும்போது, பூண்டுலோயாவிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா நாகலெட்சுமி, கொழுந்தெடுக்கிறவள். மகள் சுலக்ஷனா, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். யாரோ வெள்ளைக்காரர் போட்ட படம் சுலக்ஷனாவின் போனுக்கு வந்திருக்கிறது. படத்தில் இருந்த கல்லின் நம்பரும், அவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த பட்டாளத்துக் காகிதத்தின் நம்பரும் ஒன்று. உடனே பஸ் ஏறிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் நின்று மகள் இங்கிலீஷைக் கேட்டுக் கேட்டு அம்மா காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து நான் வடைகூடக் கொடுத்தேன்.

பேச்சு முடிந்ததும் நாகலெட்சுமி நேரே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கன் அவளுடைய அப்பாவைப் பெற்றவராம். அப்பா வீரய்யா கைப்பிள்ளையாக இருக்கும்போது பட்டாளத்துக்குப் போன மூக்கன் திரும்பவே இல்லை. தாயும் செத்துப்போக, தோட்டத்து லயத்து வீடுகளில் யார் யாரோ சோறு போட்டு வளர்ந்த பிள்ளை. சொந்தம் என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. இப்போது எண்பது தாண்டிப் படுக்கையில் இருக்கிறாராம்.

“அண்ணே, மூக்கன் தாத்தா ஒங்களுக்கும் தாத்தான்னா, எங்கப்பாவுக்கு கூடப் பொறந்தவங்க இருந்திருக்காங்க. அது தெரியாமலே கெடக்காரு மனுசன்.”

சொல்லும்போதே அழுதாள். சுலக்ஷனா அதற்குள் வீட்டுக்குப் போன் எடுத்து, உங்கள் அண்ணன் மகன் கிடைத்துவிட்டார், வருஷா வருஷம் திவசம்கூடக் கொடுக்கிறார் என்று கிழவரிடம் சொல்லியும் விட்டாள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்றால் அன்றைக்குப் பட்டதுதான் வெட்கம். நாலு பேர் நடுவில் சேலை அவிழ்ந்து விழுந்திருந்தால்கூட அப்படிக் கூசியிருக்க மாட்டேன். யோசனை சொன்னவள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரையே வாயால் அடக்குகிற எனக்கு நாக்குப் புரளவில்லை.

“தங்கச்சி,” என்று அவர் ஆரம்பித்தார். இங்கிலீஷில் தண்ணீராக ஓடிய வாய், தமிழில் நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “அவரு எனக்கு யாரும் இல்ல. வெள்ளக்காரங்க கேக்குறாங்கன்னு சும்மா சொன்னது. அவரு எப்பிடிச் செத்தாருன்னுகூட எனக்குத் தெரியாது.”

நாகலெட்சுமி கையை விட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். இலையில் கிடந்த சாராயத்தையும் சுருட்டையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, மகள் இன்னும் வைக்காமல் பிடித்திருந்த போனை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

“எங்கப்பா ஒங்ககூடப் பேசணுங்கிறாரு. நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போனுக்குள் மெதுவாகச் சொன்னார். பெரியவருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லச் சொன்னார். சுலக்ஷனா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். இவர் மறுபடியும் சொன்னார். அதுவும் எட்டவில்லை. கோயிலுக்கு மேலே இரண்டாவது லயம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பெரியவர் வீட்டுக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார். கடைசியில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

“ஐயா, நான் ஒங்க சொந்தம் இல்ல. பொய் சொல்லிட்டேன்.”

வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அதையும் படம் பிடித்தாள். போனில் இருமல் கேட்டது. பிறகு பெரியவர் மகளைக் கூப்பிட்டார்.

“அப்ப நமக்கு யாருமில்ல, இல்லியாம்மா?”

“யாருமில்லப்பா,” என்றாள் நாகலெட்சுமி.