பிரேக் குழாய்க்கு இரண்டு விரல் இடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலையூர் ஷெட் ஒன்றில் நானும் என் நண்பனும் இரண்டு பழைய கார்களைப் பிரித்து ஒரு கார் கட்டினோம். தன் கல்யாணத்தன்று அதில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று அவன் அக்கா சொல்லிவிட்டாள்.

இரும்பில் செய்யும் முன் வழி சரிபார்க்க, சைலன்சர் குழாய் போகவேண்டிய இடத்தில் அதே பருமனில் ஒரு ரப்பர் ஹோஸை வளைத்துக் கட்டிப் பார்த்தோம். ஓடும்போது கொதிக்கிற சைலன்சர் குழாய் பிரேக் குழாயைத் தொட்டால் பிரேக் பிடிக்காது. எல்லா இடத்திலும் இரண்டு விரல் இடம் இருந்தது. அளந்தவை என் கொழுத்த விரல்கள் என்பதால் கூடுதல் தைரியம்.

ஆனால் நாங்கள் அளந்தபோது கார் ஸ்டாண்டின்மேல், சக்கரங்கள் தொங்க நின்றிருந்தது. கீழே இறக்கியதும் அக்காவும் அவர்களுடைய மூன்று அத்தைகளும் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். நான் அடியிலிருந்த பள்ளத்தில் நின்றேன். சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் தண்டு, பெரிய மிருகம் மூச்சை இழுப்பதுபோல், பிரேக் குழாயோடு மெதுவாக மேலே வந்து ஹோஸை நசுக்கியது. எனக்கு வாயே மூடவில்லை.

"யாரும் இறங்காதீங்க!" என்று கீழிருந்து கத்தினேன்.

"நாங்க அவ்ளோ வெயிட்டாடா?" என்றாள் பெரிய அத்தை.

"இல்ல அத்தை, நீங்கதான் எங்க அளவுகோல்."

அவர்களை உட்காரவைத்தே ஹோஸை ஆக்சிலுக்கு மேலே வில்லாக வளைத்துக் கட்டினோம். உட்கார்ந்தபடியே குதிக்கச் சொன்னோம். ஆக்சில் எழுந்தது, ஹோஸுக்கு இரண்டு விரல் கீழேயே நின்று, பணிவாக இறங்கியது.

"சர்ச்சுக்குப் போலாமாடா?" என்றாள் அக்கா.

"தாராளமா போலாம்க்கா" என்றான் நண்பன்.

அளக்க இனி ஒன்றுமில்லை. எனக்குத்தான் பார்த்துத் தீரவில்லை.

"அத்தை, இன்னும் ஒரே ஒரு தடவை குதிங்களேன்!"